கேள்விக்குறிக்கு மேலே இருந்த முகம்

முகூர்த்த மாதத்தில் கல்யாண ஸ்டுடியோ கம்ப்யூட்டர் திணற ஆரம்பித்தால் எல்லோருடைய கையும் முதலில் போகிற இடம் பிரிவியூ ஃபோல்டர்தான். உங்கள் கையும் அங்கேதான் போகும். போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. எடிட்டிங் அறையில் உட்கார்ந்தே முடி நரைத்தவள் நான்; எத்தனையோ தடவை அதை அழித்து இடம் பண்ணியிருக்கிறேன். ஆனால் ஒரு தடவை செய்யாமல் நிறுத்தினேன். அதை மட்டும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மற்ற தொழில்நுட்பமெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

நேற்றுதான் வேலையில் சேர்ந்த பிள்ளைகளுக்காக ஒரு வரி. நாம் திரையில் பார்க்கிற படம் அசல் இல்லை. அசலை ஒவ்வொரு தடவையும் முழுசாகத் திறந்தால் நேரமாகும் என்று மென்பொருள் பார்வைக்கென ஒரு நகலைச் செய்து ஓரமாக வைத்துக்கொள்ளும். அதுதான் பிரிவியூ. ஒரு கல்யாணத்துக்கு ஆயிரக்கணக்கில் படம் எடுக்கிறோம். நகல்களும் அதே அளவுக்குச் சேர்ந்து டிஸ்க்கை அடைக்கும். அழித்தால் நஷ்டமில்லை. அசல் இருக்கிறவரை நகலைத் திரும்பச் செய்துகொள்ளலாம்.

அசல் இருக்கிறவரை.

நான் வேலை பார்த்த ஸ்டுடியோ மதுரையில் மேலமாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. கீழே வரவேற்பு, மாடியில் எடிட்டிங் அறை. வெளி வெளிச்சம் பட்டால் படத்தின் நிறம் ஏமாற்றும் என்று ஜன்னலை அடைத்து, சுவருக்குச் சாம்பல் வண்ணம் அடித்து வைத்திருந்தார்கள். நட்டநடுப் பகலிலும் உள்ளே ஏசியின் சத்தமும் திரையின் வெளிச்சமும்தான். காஜிமார் தெருவிலிருந்து நடந்தே வேலைக்குப் போய்விடுவேன். முதலாளி ராமலிங்கம் அண்ணன் நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். ஒரு கதவைத் திறப்பதற்கு முன்பே அடுத்த கதவின் பிடியைத் தேடுவார்.

அன்றைக்கு ஒரு பெரிய முகூர்த்தத்துக்கு மறுநாள். ஃபோட்டோகிராபர்கள் நிறைந்துபோன மெமரி கார்டுகளோடு கீழே காத்துக்கொண்டிருந்தார்கள். கார்டுகளை இறக்கிக் காலி செய்து கொடுத்தால்தான் சாயந்திரம் ரிசப்ஷன்களுக்குப் போகமுடியும். இறக்கலாம் என்றால் டிஸ்க்கில் சிவப்புக் கோடு; இடமே இல்லை.

ராமலிங்கம் அண்ணன் படியேறி வந்து கதவைத் திறந்தபடியே சொன்னார். "ஹசீனா, அந்த பிரிவியூவத் தூக்கி விட்டுரும்மா. வெறும் நகல்தான."

"ஒரு பார்வை பாத்துட்டுத் தூக்குறேண்ணே."

"பாக்கிறதுக்கு என்ன இருக்கு? எல்லாம் ஆல்பம் போன கல்யாணம்."

அவர் சொன்னது சரிதான். ஆல்பம் கொடுத்துக் கொஞ்ச காலம் ஆனதும் அசல் படங்களை அழித்துவிடுவது எங்கள் வழக்கம். ஆனால் அதை மென்பொருளுக்குள் போய்ச் செய்யமாட்டோம். வெளியே இருந்தே ஃபோல்டரோடு அழித்துவிடுவோம். மென்பொருளுக்கு அது தெரியாது. படம் இன்னும் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு அது தன்னிடமுள்ள நகலைக் காட்டிக்கொண்டே இருக்கும். மூலையில் மட்டும் 'அசலைக் காணோம்' என்பதற்கான சின்ன அடையாளம் தெரியும். அப்படி அசல் இல்லாத படங்கள் எங்களிடம் வருடக்கணக்கில் சேர்ந்திருந்தன.

முகங்களை இனம் பிரித்துக் காட்டும் வசதி ஒன்று அதில் உண்டு. யாரோ எப்போதோ அதை இயக்கிவிட்டு நிறுத்த மறந்திருந்தார்கள். இடத்தைத் தின்பது அதுதானோ என்று திறந்து பார்த்தேன். ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு வரிசை. பெயர் கொடுத்திருந்தால் கீழே பெயர் இருக்கும், கொடுக்காவிட்டால் ஒரு கேள்விக்குறி. பெரும்பாலான வரிசைகள் ஒரே கல்யாணத்தோடு முடிந்துவிட்டன. பேரையூர் மாப்பிள்ளை எதற்குத் திருவாதவூர் கல்யாணத்தில் இருக்கப்போகிறார்?

ஒரு வரிசை மட்டும் முடியவில்லை.

ஒரு பெண்மணி. ஐம்பது வயது இருக்கலாம். ஒடுங்கிய முகம், காதில் கம்மல் இல்லாத வெறும் துளை. திருவாதவூர்க் கல்யாணத்தில் பந்தல் காலை ஒட்டி நின்றார். மேலூரில் ஒரு காதுகுத்தில் சீர்த் தட்டுகளுக்குப் பின்னால் நின்றார். திருமங்கலத்து மண்டபத்தில் கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில். உசிலம்பட்டியில் மணமேடைக்குக் கீழே, குழந்தைகளுக்கு நடுவில். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத குடும்பங்கள். சாதி வேறு, ஊர் வேறு. எல்லாவற்றிலும் அதே முகம்.

அதைவிட விசித்திரமான ஒன்று. கூட்டத்தில் எல்லோரும் மேடையைப் பார்க்கிறார்கள், தாலியைப் பார்க்கிறார்கள், பக்கத்தில் இருப்பவரோடு பேசுகிறார்கள். அந்த அம்மா மட்டும் நேராக என்னைப் பார்க்கிறார். அதாவது, கேமராவை. ஒரு படத்திலும் கண் விலகவில்லை.

தற்செயலாக இருக்கும் என்று வரிசையை மேலும் தள்ளினேன். அப்போதுதான் அந்தப் படம் வந்தது. என் அக்கா மகளின் நிக்காஹ்.

பெண்கள் பக்கத்தில் எடுத்த படம் அது. அதற்கென்று ஒரு பெண் ஃபோட்டோகிராபரை அனுப்பியிருந்தோம். மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் பச்சைப் புடவையில், பூத்தட்டோடு நான் நிற்கிறேன். என் இடது தோளுக்குப் பின்னால், முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டபடி அந்த முகம். என் தோளில் தாடை இடிக்கிற தூரம். கண் கேமராவில்.

அன்றைக்கு எனக்குப் பின்னால் யார் நின்றார்கள் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே இடது தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். வாய் தானாக ஆயத்துல் குர்ஸி ஓத ஆரம்பித்துவிட்டது. ஓதிக்கொண்டே எழுந்துபோய்க் கதவை அகலத் திறந்து வைத்தேன்.

கீழே இருந்த ஃபோட்டோகிராபர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இந்தம்மாவ யாராச்சும் பாத்திருக்கீகளா?"

ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து பார்த்தார்கள். அவரவர் எடுத்த படம், அவரவர் கண்ணுக்கு முன்னால் நின்றிருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை. நம் தொழிலில் இது அதிசயமில்லை. மணமக்கள் மேல் கண்ணை வைத்திருப்பவனுக்கு ஓரத்தில் யானை நின்றாலும் தெரியாது.

பாண்டி மட்டும் குனியவில்லை. கதவோரமாகவே நின்றான். எங்களிடம் இருந்தவர்களிலேயே நல்ல கை அவனுக்குத்தான். வாய் ஓயாமல் பேசுகிறவன் அன்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாண்டி, நீ பாக்கலயா?"

"மத்தவுகள அனுப்பிருங்கக்கா."

அனுப்பினேன். அவன் உள்ளே வந்து கதவைப் பிடித்தபடி சொன்னான். "நான் எடுத்த படத்த மட்டும் பிரிச்சு, தேதி வரிசையா வச்சுப் பாருங்க."

வைத்தேன். முதல் கல்யாணத்தில் அந்த அம்மா மண்டபத்து வாசலில், நகத்தளவு தெரிந்தார். அடுத்த கல்யாணத்தில் உள்ளே, தூணோரம். அதற்கடுத்ததில் நாற்காலி வரிசைகளுக்கு நடுவில். பிறகு மணமகனின் அப்பாவுக்குப் பின்னால். கடைசிப் படத்தில் மாலை மாற்றுகிற கைகளுக்குப் பக்கத்தில், மிகக் கிட்டத்தில், ஃபோகஸ் இல்லாமல் மங்கலாக ஒரு முகம். கண் மட்டும் தெரிந்தது.

"கிட்ட வந்துக்கிட்டே இருக்காகக்கா," என்றான் பாண்டி. "கேமராவ எடுத்துட்டு நேராப் பாத்தா ஆளக் காணோம். நான் யாருகிட்டயும் சொல்லல. சொன்னா சிரிப்பாய்ங்க."

"யாருடா அது?"

அவன் பேரையூர்ப் பக்கம் எடுத்த ஒரு கல்யாணத்தைப் பற்றிச் சொன்னான். அந்தக் கல்யாணத்துக்குச் சமையல் ஆட்களோடு பந்தி பரிமாற வந்த பிள்ளைகள், எல்லாம் ஒரே மாதிரி ஆரஞ்சுச் சேலை கட்டியிருந்தார்களாம். பந்தி ஓய்ந்த நேரத்தில் "அண்ணே, எங்களையும் ஒண்ணு எடுங்கண்ணே" என்று கேட்டிருக்கிறார்கள். இவனும் எடுத்திருக்கிறான். அன்று மதியம் ஊர் திரும்புகிற வழியில், நான்குவழிச் சாலையில் அவர்களுடைய வேன் கவிழ்ந்துவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் பிழைக்கவில்லை.

"அதுக்கப்புறந்தான்க்கா இந்தம்மா வர ஆரம்பிச்சாக. என்னையத் தேடித்தான் வாராக. எனக்குத் தெரியும். நான் எடுத்ததுனாலதான் அந்தப் பிள்ளைகளுக்கு அப்பிடி ஆச்சோன்னு..."

அதற்குள் ராமலிங்கம் அண்ணன் வந்துவிட்டார். திரையைப் பார்த்தார், பாண்டியின் முகத்தைப் பார்த்தார், விஷயத்தைக் கேட்டார்.

"அந்த பேரையூர் வீட்டுக்காரவுக அப்பவே போன் பண்ணிட்டாக. சமையல் ஆளுக இருக்கிற படம் ஒண்ணுகூட ஆல்பத்துல வரக்கூடாது, கம்ப்யூட்டர்லயும் இருக்கக்கூடாதுன்னு. கல்யாண வீட்டுக்கு ஆகாதாம். நாந்தான் எடுத்து அழிச்சேன். இப்ப என்ன? இது மொத்தமும் பீடை. அழிச்சு விடும்மா, இடத்துக்கு இடமும் ஆச்சு."

பாண்டியும் தலையை ஆட்டினான். "அழிச்சிருங்கக்கா."

கீழே ஆட்கள் சத்தம் போட ஆரம்பித்திருந்தார்கள். கார்டு, கார்டு என்று ஒரே குரல். என் கை மவுஸ் மேல்தான் இருந்தது. எனக்கும் அதை அழித்துவிடத்தான் ஆசை. என் தோளுக்குப் பின்னால் இருக்கிற அந்த முகம் போய்விட்டால் போதும் என்றுதான் இருந்தது. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: பயந்த கை அழிக்கத்தான் பார்க்கும். அவசரத்தில் அழித்தவர்களைவிடப் பயத்தில் அழித்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கை அப்படித் துடிக்கிறது என்றால், அழிப்பதை ஒரு நாள் தள்ளிப்போட வேண்டிய நேரம் அது.

"அசல் இல்லண்ணே," என்றேன். "இது போனா திரும்பச் செய்ய முடியாது. அசல் போன பிறகு இதுக்குப் பேரு நகல் இல்ல. ஒரு நாள் குடுங்க."

"கார்ட எங்க இறக்குவ?"

அடுத்த தெருவில் இருந்த வேறொரு ஸ்டுடியோக்காரரைக் கூப்பிட்டு, ஒரு டிஸ்க்கை மறுநாள்வரை இரவல் கேட்டேன். தொழிலில் போட்டிக்காரர்தான். ஆனால் முகூர்த்த நாளில் போட்டிக்காரர்கள்தான் ஒருவர் கஷ்டத்தை ஒருவர் புரிந்துகொள்வார்கள். கொடுத்துவிட்டார். அன்றைய பாடு கழிந்தது.

மறுநாள் காலை கொட்டாம்பட்டியில் பாண்டிக்கு ஒரு கல்யாணம். போகமாட்டேன் என்றான். "நானும் வாரேன்டா" என்றதும்தான் ஸ்டுடியோ வேனில் ஏறினான். அடையாளம் பார்க்க வசதியாக, நிக்காஹ் படத்தில் இருந்த அந்த முகத்தைத் திரையிலிருந்து என் போனில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

மண்டபம் திருச்சி ரோட்டிலேயே இருந்தது. மேளச்சத்தம், வெயில், ஜெனரேட்டர் புகை. நான் படமெடுக்கிற இடத்துக்குப் போகவில்லை. பாண்டியின் கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்துக் கூட்டத்துக்குள் போய் நின்றுகொண்டேன். கெட்டிமேளம் கொட்டினார்கள். எல்லோரும் அட்சதையோடு எக்கினார்கள். ஒரே ஒரு தலை மட்டும் மேடைப் பக்கம் எக்காமல் பாண்டியை நோக்கித் திரும்பியது.

எனக்கு இரண்டு கை தூரத்தில் நின்றார். பாண்டியும் பார்த்துவிட்டான். கேமரா கண்ணில் இருந்தபடியே அவன் கை நின்றுவிட்டது. அந்த அம்மா ஒரு எட்டு முன்னால் வைத்தார். நான் போய் அவருடைய முழங்கைக்கு மேலே பிடித்தேன்.

சூடாக இருந்தது. புளித்தண்ணீர் ஈரத்தோடு, சொரசொரப்பான மனிதக் கை. என் உயிர் திரும்பியது அப்போதுதான்.

"அம்மா, வெளிய வாங்க, பேசுவோம்."

அவர் மிரண்டுபோனார். "நான் ஒண்ணுஞ் செய்யல தாயி. பாத்திரம் வெளக்க வந்தவ. சும்மா தாலிகட்டுப் பாக்க வந்தேன்."

"தாலிகட்ட நீங்க பாக்கலயே."

மண்டபத்துக்குப் பின்னால் அடுப்படி ஓரம் கூட்டிக்கொண்டு போனேன். பேரைக் கேட்டேன். பேச்சியம்மா. பேரையூருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். வேனில் போன பிள்ளைகளில் ஒருத்தி, முத்துமாரி, அவருடைய ஒரே மகள்.

"அன்னைக்குப் பந்தி முடிஞ்சு எனக்குப் போன் போட்டா. 'அம்மா, எங்கள ஒரு கேமராக்காரண்ணே போட்டா எடுத்தாரும்மா, பெரிய கேமரா, அதுல சிவப்புக் கயிறெல்லாம் கட்டிருக்காரு'ன்னு சிரிச்சா. அம்புட்டுத்தான். அதுக்கப்புறம் போன் வரல." முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அவ படம் ஒண்ணுங் கெடையாது தாயி எங்கிட்ட. ஆதார் அட்டையில இருக்கிற மூஞ்சி அவ மூஞ்சியே இல்ல. கல்யாண வீட்டுல போயிக் கேட்டேன். வாசல்லயே நிறுத்தி, அப்பிடிப் படமே இல்ல, இனிமே இங்க வராதன்னுட்டாக. அதான் சமையல் ஆளுகளோட பாத்திரம் வெளக்கப் போயிட்டேன். எந்த ஊருக் கல்யாணம்னாலும் போவேன். கேமராக்காரவுக வருவாகள்ல. கயிறு இருக்கான்னு பாப்பேன்."

அவர் கேமராவைப் பார்க்கவில்லை. கேமராவில் கட்டியிருந்த கயிற்றைத் தேடியிருக்கிறார். பாண்டியின் கேமரா வாரில், அவன் கருப்பசாமி கோயிலிலிருந்து கொண்டுவந்து கட்டிய சிவப்புக் கயிறு, வெயிலில் வெளுத்துப்போய், பக்கத்தில் வந்தால்தான் சிவப்பு என்று தெரிகிற மாதிரி இருந்தது.

"கயிறப் பாத்தீகள்ல? அப்புறம் ஏன் கேக்கல? இம்புட்டு நாளா பின்னாடியே வாரீகளே?"

அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். படங்களில் நான் பார்த்த அதே பார்வை. "கேட்டு, 'இல்ல, அழிச்சிட்டோம்'னு சொல்லிட்டாருன்னா? கேக்காத மட்டுக்கும் எம்மக எங்கயோ ஒரு எடத்துல இருக்கான்னு நெனச்சுக்கிடலாம்ல. ஒவ்வொரு தடவையும் இன்னைக்குக் கேட்டுரணும்னு கிட்டப் போவேன். அவரு திரும்புனதும் குனிஞ்சுக்கிடுவேன்."

சரியான ஆளிடம்தான் பேசுகிறேன் என்று உறுதிப்படுத்திக்கொள்ள என் போனை எடுத்து நிக்காஹ் படத்தை நீட்டினேன். "இது நீங்கதான?"

வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"மூஞ்சி என்னையாட்டந்தான் இருக்கு. ஆனா நான் இல்ல தாயி. பாய் வீட்டு விசேசத்துக்கு நாங்க போறதில்ல. அங்க அவுக ஆளுகதான ஆக்குவாக. மதுரைக்குள்ள நான் வேலைக்கே வந்ததில்ல."

அது உண்மை. எங்கள் வீட்டு நிக்காஹ்வுக்குப் பிரியாணி ஆக்கினது எங்கள் தெருப் பண்டாரிதான். வெளியாள் ஒருவரும் வரவில்லை. அப்படியென்றால் என் தோளுக்குப் பின்னால் நின்றது யார் என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியாது. பிறகு என் அக்காவிடமும் மற்றவர்களிடமும் காட்டினேன், ஒருவருக்கும் தெரியவில்லை. மென்பொருள் தப்பாக இனம் பிரித்திருக்கும் என்று சொல்லிக்கொள்கிறேன். பகலில் அப்படிச் சொல்லிக்கொள்வது எளிதாகத்தான் இருக்கிறது.

அந்த நிமிடத்தில் எனக்கு அதைவிடப் பெரிய கவலை வந்துவிட்டது. ராமலிங்கம் அண்ணன். இரவல் டிஸ்க்கை இன்றைக்குத் திருப்பித் தரவேண்டும். அவருக்கு எங்கே பொறுமை இருக்கப்போகிறது? போன் போட்டேன்.

"அண்ணே, அந்த பிரிவியூ..."

"அதான் ஓடிக்கிட்டு இருக்கே. பாதி போயிருச்சு. நீ வாரதுக்குள்ள முடிஞ்சிரும்."

"நிறுத்துங்கண்ணே! அப்பிடியே நிறுத்துங்க. வேற எதையும் தொடாதீங்க. அந்தப் பிள்ளையோட அம்மா எம்பக்கத்துல நிக்காக."

எதிர்முனையில் நாற்காலி உருள்கிற ஓசை கேட்டது. "நிறுத்திட்டேன்," என்றார். குரல் இறங்கியிருந்தது.

பேச்சியம்மாவிடம் நான் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. "அசல் இல்லம்மா. இருக்க வாய்ப்பு இருக்கிற ஒரு இடம் பாக்கி இருக்கு. அதுலயும் பாதி போயிருச்சு. வந்து பாக்கீகளா, இல்ல தெரியாமலே இருக்கட்டுமா?" என்று கேட்டேன். அவருக்கு அதைத் தேர்ந்தெடுக்கிற உரிமை இருந்தது என்று இன்றும் நினைக்கிறேன்.

அடுப்புப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தவர் கடைசியில் சொன்னார். "பாத்துருவோம். ஆனா வேன்ல ஏறமாட்டேன் தாயி. பஸ்ஸுல வாரேன்."

பாண்டியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, நாங்கள் இருவரும் பஸ்ஸில் வந்தோம். மேலூர் தாண்டும்வரை என் கையை அவர் விடவில்லை.

எடிட்டிங் அறையில் பாதி அழிந்த கல்யாணங்களை அன்றைக்குத்தான் பார்த்தேன். பிரிவியூ கோப்புகளுக்கு நாம் வைத்த பெயர் கிடையாது. ஏதோ எழுத்தும் எண்ணுமாகக் கலந்து கிடக்கும். அதனால் கல்யாணம் கல்யாணமாக அழியாது. அங்கொன்றும் இங்கொன்றுமாக அழியும். மணப்பெண் இருந்தாள், அடுத்த கட்டத்தில் மாப்பிள்ளை இருக்கவேண்டிய இடம் சாம்பல் நிறச் சதுரம். ஆசீர்வாதம் வாங்கக் குனிந்தவர்கள் இருந்தார்கள், அடுத்த படத்தில் ஆசீர்வதித்தவர்களைக் காணோம். ஒரு ஊரையே பொறுக்கிப் பொறுக்கித் தூக்கிக்கொண்டு போனமாதிரி இருந்தது.

பாண்டி கல்யாணத்தை முடித்துக்கொண்டு வேனில் வந்து சேர்ந்திருந்தான். பேச்சியம்மாவுக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி நின்றான். பேரையூர்க் கல்யாணத்தைத் திறந்தேன். "சாப்பாடு முடிஞ்சு, மறுவீடு கிளம்புறதுக்கு முன்னாடிக்கா," என்றான். "கிளிக் கிளிக்னு சேத்து எடுத்தேன்."

அந்த இடத்துக்கு வந்தேன். சாம்பல். அடுத்ததும் சாம்பல். பேச்சியம்மாவின் மூச்சு என் காதுக்குப் பக்கத்தில் நின்றுபோனது. அடுத்த கட்டத்தில் ஆரஞ்சு நிறமாக ஏதோ தெரிந்தது.

நான் பெரிதாக்கவில்லை. அவசரப்பட்டு எதையாவது அமுக்கி, மென்பொருள் அசலைத் தேடப் போய், இருப்பதும் கலைந்துவிடக்கூடாது. முதலில் மிச்சமிருந்த ஃபோல்டரை அப்படியே வேறு இடத்தில் ஒரு பிரதி எடுத்தேன். இடத்துக்காக, என் சொந்தப் படங்கள் வைத்திருந்த டிஸ்க்கில் கொஞ்சத்தை அழித்தேன். அதன் பிறகுதான் அந்தக் கட்டத்தைத் திரை நிறையத் திறந்தேன். திறந்ததும் திரையில் தெரிவதையே இன்னொரு படமாகச் சேமித்தேன். அந்த அம்மா பின்னால் நிற்க, அதை நிதானமாகச் செய்ததுதான் என் வேலைக்காலத்திலேயே நான் செய்த கஷ்டமான காரியம்.

மூன்று பெண் பிள்ளைகள். ஆரஞ்சுச் சேலை, அள்ளிச் செருகிய கொசுவம். ஒருத்தி பாயச வாளியைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். ஒருத்தி வெட்கத்தில் பாதி திரும்பிவிட்டாள். நடுவில் இருப்பவள் வாய்விட்டுச் சிரிக்கிறாள்.

பேச்சியம்மா அழவில்லை. திரைக்குப் பக்கத்தில் வந்து விரலை வைத்தார். "இவ சுகன்யா. செல்லத்தாயி மக. இவ தெய்வானை, பேசவே மாட்டா." விரல் நடுவில் வந்து நின்றது. நின்ற இடத்திலேயே இருந்தது. அவள் பெயரை அவர் சொல்லவில்லை.

பாண்டி வெளியே போய்விட்டான். படிக்கட்டில் உட்கார்ந்து விம்முகிற சத்தம் கேட்டது. ராமலிங்கம் அண்ணன் அவனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"முகத்தக் கொஞ்சம் தெளிவாக்கி, வேர்வையெல்லாம் எடுத்துட்டுக் குடுக்கவாம்மா?" என்று கேட்டேன். பழக்கதோஷம்.

"வேணாம் தாயி. வேல செஞ்சு வேர்த்த வேர்வ. அவளோடதுதான. இருக்கட்டும். மூணு படமாப் போட்டுக் குடு. அவுக ரெண்டு பேரு வீட்டுலயும் படம் இல்ல."

பிரிவியூவிலிருந்து எடுத்ததால் பெரிய அளவில் போட்டால் உடைந்துவிடும். கையகல அளவில் மூன்று பிரிண்ட் போட்டு, ஒவ்வொன்றையும் தனி உறையில் வைத்துக் கொடுத்தேன். ராமலிங்கம் அண்ணன் அவருக்குத் தேநீர் வாங்கிவரச் சொன்னார். யாரும் அதைக் குடிக்கவில்லை.

கிளம்பப் போன பேச்சியம்மா நின்று திரையைப் பார்த்தார். முகங்களின் வரிசை திறந்தே கிடந்தது. அவருடைய முகம், நடுநடுவே சாம்பல் சதுரங்களோடு, கேள்விக்குறிக்கு மேலே.

"இது அம்புட்டும் நானா?"

"ஆமாம்மா. நீங்க நின்ன கல்யாணங்க."

"இந்தா, இப்பிடியா முழிச்சிக்கிட்டு நிக்கேன்?" முதல் தடவையாக முகத்தில் ஒரு கூச்சம் வந்தது. "இத என்ன செய்வீக?"

"அழிச்சிருவோம். எடம் இல்ல. இந்தக் கல்யாண வீட்டுக்கெல்லாம் ஆல்பம் குடுத்தாச்சு."

"நல்லது. அவுக நல்ல காரியத்துல நான் எதுக்கு." கொஞ்சம் யோசித்தார். உறைகளை மார்போடு சேர்த்துக்கொண்டு ஒரு கையை விடுவித்தார். "நானே எடுத்துரட்டா? எத அமுக்கணும்?"

வரிசை முழுவதையும் தேர்வு செய்துகொடுத்து, அழிக்கும் பொத்தானைக் காட்டினேன். அமுக்கினார். வழக்கம்போல நடுத்திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது.

"என்ன கேக்குது?"

"அழிச்சா திரும்ப வராது, சரிதானான்னு கேக்குதும்மா."

"திரும்ப வராதுன்னு எனக்குத் தெரியும்," என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பேச்சியம்மா மறுபடி அமுக்கினார்.